பத்து நிமிட பாஸில் கேட்டதை அடுத்தவருக்குக் கைமாற்றுவது எப்படி: மலையில் இருக்கும் செயற்கைக்கோள் ஹாம்களுக்கு முழு வழிகாட்டி

"நேத்து பாஸ் சரியில்ல." நீலகிரியிலும் கொடைக்கானலிலும் செயற்கைக்கோள் வழியாகப் பேசுகிற ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் செய்திகளில் பாதி இப்படித்தான் இருக்கிறது. பாஸ் என்றால் செயற்கைக்கோள் நம் வானத்தில் எழுந்து மறையும் அந்தச் சில நிமிடங்கள். எந்த செயற்கைக்கோள், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் நின்றபோது, கையில் என்ன ஆண்டெனா, ஒன்றும் இருக்காது. படிக்கிறவருக்கு அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார், அதே இடத்தில் தடுமாறுவார், அவரும் "சரியில்ல" என்று எழுதுவார்.

நான் கோத்தகிரியில் இருக்கிறேன். புதிதாகக் கால்சைன் (உரிமத்தோடு வரும் அழைப்புக் குறி) வாங்கியவர்களோடு நிறைய பாஸ்களுக்கு நின்றிருக்கிறேன். ரேடியோவை இயக்கப் பழகுவது அவர்களுக்குப் பெரிய சிரமமாக இருப்பதில்லை. எனக்கு முன்னால் நின்றவர் இங்கே என்ன கண்டார் என்று தெரியாமல் நிற்பதுதான் சிரமம். அதனால் இந்த வழிகாட்டி ஒரு பாஸை எப்படிப் பிடிப்பது என்பதோடு நிற்காது. பிடித்ததை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்தும்படி எப்படி எழுதுவது என்பதுதான் முக்கியமான பகுதி. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள், ஒவ்வொரு படியும் அடுத்ததற்கு வேண்டியதைத் தருகிறது.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

உரிமமும் அதன் நகலும். உரிமம் இல்லாமல் அனுப்பும் பொத்தானைத் தொடவே கூடாது. நகல் எதற்கென்றால், காட்சிமுனையில் யாகியை (ஒரு திசையில் குறிவைக்கும் ஆண்டெனாவை) தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் யாராவது வந்து விசாரிக்காமல் இருக்க மாட்டார்கள், விசாரிப்பதும் நியாயம்தான். தாளைக் காட்டி இரண்டு வரியில் சொன்னால் முடிந்தது.

இரண்டு ஹேண்டி, அதாவது கையடக்க ரேடியோ. ஒன்று 145 மெகாஹெர்ட்ஸில் அனுப்ப, மற்றொன்று 435 முதல் 438 வரை கேட்க. சாதாரண ஹேண்டியில் அனுப்பும்போது கேட்க முடியாது. உங்கள் குரல் செயற்கைக்கோளில் ஏறித் திரும்பி வருகிறதா என்று தெரியாமலே பத்து நிமிடமும் போய்விடும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதை அனுப்ப வைத்துக்கொண்டு, கேட்பதற்கு ஒரு எஸ்டிஆர் டாங்கிளை (ரேடியோவாக வேலை செய்யும் சின்ன யுஎஸ்பி கருவியை) போனில் செருகிக்கொள்ளலாம்.

ஆண்டெனா, கையில் பிடிக்கும் யாகி. இரும்பு அளவு நாடாவை வெட்டி பிவிசி குழாயில் கட்டியதே போதும். ஹேண்டியோடு வரும் ரப்பர் ஆண்டெனாவில் சர்வதேச விண்வெளி நிலையத்தைக் கேட்டுவிடலாம், ஆனால் அதை வைத்து எழுதும் குறிப்பு பலவீனமாக இருக்கும். கேட்காமல் போனதற்குக் காரணம் ஆண்டெனாவா வேறு எதுவுமா என்று பிரிக்கவே முடியாது.

ஒலிப்பதிவுக்குத் தனியாக ஒரு போன். பாஸைக் காட்டும் செயலி ஓடுகிற போனிலேயே பதிவும் செய்தால், நடுவில் ஒரு அழைப்பு வந்தால் இரண்டும் போச்சு. அப்புறம் நோட்டுப் புத்தகம், பென்சில். பேனா வேண்டாம். விடியற்காலை மூடுபனியில் தாள் ஐந்து நிமிடத்தில் நமுத்துவிடும், பேனா மை பரவும், பென்சில் அப்படியே நிற்கும்.

உங்கள் கிரிட், அதாவது ஹாம்கள் இடத்தைச் சொல்லும் கட்டக் குறியீடு. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூன்றுமே எம்கே81, கொடைக்கானல் எம்கே80. காற்றில் சொல்ல இது போதும். குறிப்பில் எழுதப் போதாது, ஏனென்றால் ஒரு கிரிட் என்பது வடக்கு தெற்காக சுமார் 110 கிமீ, கிழக்கு மேற்காக இங்கே கிட்டத்தட்ட 220 கிமீ. கோவையின் பெரும்பகுதியும் அதே எம்கே81-க்குள்தான் வருகிறது. தொட்டபெட்டா சரிவில் நின்றவரும் மேட்டுப்பாளையம் சமவெளியில் நின்றவரும் ஒரே இடம் என்று எழுதினால் என்ன பயன்? குறிப்பில் அட்சரேகை, தீர்க்கரேகையை மூன்று தசமம் வரை எழுதுங்கள்.

2. நிற்கும் இடத்தின் வானக்கோட்டை ஒருமுறை அளந்து வையுங்கள்

இதை எல்லோரும் தவிர்க்கிறார்கள். மலையில் இதைத் தவிர்த்தால் மற்ற எல்லாக் குறிப்பும் வீண்.

சமவெளியில் இருப்பவருக்கு எல்லாத் திசையிலும் வானம் ஏறக்குறைய ஒரே மாதிரி. நமக்கு அப்படி இல்லை. ஒரு பக்கம் பள்ளத்தாக்கு திறந்து கிடக்கும், மறுபக்கம் வீட்டுக்குப் பின்னாலேயே மேடு ஏறும். செயற்கைக்கோள் எழும் நேரம் என்று செயலி சொல்வது 0 டிகிரிக்கு. உங்கள் இடத்தில் அது 15 டிகிரியில்தான் எழும் என்றால் முதல் இரண்டரை நிமிடம் மௌனம்தான், அதில் குறை எதுவும் இல்லை.

அளக்கும் முறை எளிது. நிற்கும் இடத்தில் நின்று, போன் திசைகாட்டியில் வடக்கில் தொடங்கி 30 டிகிரிக்கு ஒருமுறை நிறுத்துங்கள். கையை முழுதாக நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் உயரம் சுமார் 10 டிகிரி, சுண்டு விரலின் அகலம் சுமார் 1 டிகிரி. கண் மட்டத்திலிருந்து மறைக்கும் பொருளின் உச்சி வரை எத்தனை முஷ்டி என்று எண்ணி எழுதுங்கள். எது மறைக்கிறது என்பதையும் சேர்த்து: மலை, மரம், கட்டிடம், தொட்டி. பன்னிரண்டு வரி, இருபது நிமிட வேலை. இரும்பு வேலி, கார் அருகில் நின்று அளக்காதீர்கள், திசைகாட்டி பொய் சொல்லும். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் நம் பக்கம் உள்ள வித்தியாசம் 2 டிகிரி அளவில்தான், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

எது மறைக்கிறது என்று எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டிலிருந்து மேற்கே எதுவும் கேட்காதபோது, தொட்டபெட்டாதான் மறைக்கிறது என்று ஒரு மாதத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன், நண்பர்களிடமும் அப்படியே சொன்னேன். அளந்து பார்த்தால் கதை வேறு. தொட்டபெட்டா 2,637 மீட்டர், கோத்தகிரி ஏறக்குறைய 1,800, நடுவில் பதின்மூன்று கிமீ தூரம். கணக்குப் போட்டால் அந்த முழு மலையும் என் வானத்தில் 4 டிகிரிகூட ஏறவில்லை. மறைத்தது வீட்டுக்குப் பின்னால் 30 மீட்டரில் நின்ற சில்வர் ஓக் மரங்கள், 20 மீட்டர் உயரம், அதாவது 30 டிகிரிக்கு மேல். நான் சொன்னதை நம்பி மேற்கு பாஸ்களை விட்டுவிட்டவர்களுக்கு அப்புறம் ஒவ்வொருவராகச் சொல்லித் திருத்த வேண்டியிருந்தது.

தூரத்து மலையைவிடப் பக்கத்து மரம் பெரிது. அதுவும் மழைக்காலத்தில் நனைந்த இலை 437 மெகாஹெர்ட்ஸை நன்றாக விழுங்கும். மூடுபனி தனியாக இந்த அலைவரிசைகளில் எதுவும் செய்யாது, ஆனால் அது இலையை நனைக்கிறது, ஆண்டெனா இணைப்பானுக்குள் ஈரம் விடுகிறது. ஆகவே "பனி, அதனால் கேட்கவில்லை" என்று எழுதாமல் "மரம் நனைந்திருந்தது" என்றோ "இணைப்பானைத் துடைத்த பின் சரியானது" என்றோ எழுதுங்கள்.

ஒரு முறை வரைந்த வானக்கோடு மரம் வெட்டும் வரை, கட்டிடம் எழும் வரை செல்லும். நின்ற இடத்துக்கு வேறு யார் வந்தாலும் அதைப் பயன்படுத்தலாம். புவிநிலையான கியூஓ-100 ஹாம் செயற்கைக்கோளைக் கேட்க ஆசைப்படுபவருக்கும் இதுவே விடை சொல்லும். அது நீலகிரியிலிருந்து பார்த்தால் 261 டிகிரி திசையில், ஏறக்குறைய 31 டிகிரி உயரத்தில் அசையாமல் நிற்கிறது. உங்கள் பட்டியலில் 270-க்கு நேரே 30-க்கு மேல் எழுதியிருந்தால் டிஷ் வாங்கும் முன் வேறு இடம் தேடுங்கள்.

இடம் தேர்வு பற்றி இரண்டு வார்த்தை. காப்புக்காட்டுக்குள் போக வேண்டாம். விடியலிலும் அந்தியிலும் காட்டுமாடு தேயிலைக்குள் நிற்கும், யாகியை வானத்தில் குறிவைத்து நடக்கிறவர் தரையைப் பார்ப்பதில்லை. ஊட்டி முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் வானத்திலிருந்து வரும் மிக மெல்லிய சமிக்ஞைகளைக் கேட்கிறது. அதன் பக்கத்தில் போய் நின்று அனுப்பாதீர்கள், அந்த மலையில் நிற்க வேறு இடம் எவ்வளவோ இருக்கிறது.

3. அலைவரிசைகளை நினைவகத்தில் ஏற்றுங்கள்

பாஸ் நடக்கும்போது எண் தட்ட நேரம் இருக்காது. டாப்ளர் விளைவால் செயற்கைக்கோள் நெருங்கி வரும்போது அதன் அலைவரிசை கூடுதலாகவும், விலகிப் போகும்போது குறைவாகவும் கேட்கும். 437 மெகாஹெர்ட்ஸில், விண்வெளி நிலையத்துக்கு, இது இரு பக்கமும் 10 கிலோஹெர்ட்ஸ் வரை போகும்.

விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டருக்கு (நம் குரலை வாங்கி வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் கருவிக்கு) கேட்கும் ஹேண்டியில் ஐந்து நினைவுகள்: 437.810, 437.805, 437.800, 437.795, 437.790, இதே வரிசையில். அனுப்பும் ஹேண்டியில் ஒன்று போதும்: 145.990, 67.0 ஹெர்ட்ஸ் டோனோடு. டோன் என்பது ரிப்பீட்டரைத் திறக்க நம் குரலோடு சேர்ந்து போகும் மெல்லிய ஒலி. 145-இல் டாப்ளர் மூன்றரை கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுவதால் அதைத் தொட வேண்டாம்.

எஸ்ஓ-50 என்ற ஹாம் செயற்கைக்கோளுக்கு 436.805-இலிருந்து 436.785 வரை அதே போல ஐந்து. அனுப்ப 145.850, 67.0 டோன். இதற்கு மட்டும் கூடுதலாக இன்னொரு நினைவு வேண்டும்: அதே 145.850, ஆனால் 74.4 ஹெர்ட்ஸ் டோன். ஏன் என்று 8-ஆம் படியில் சொல்கிறேன்.

இங்கே புதியவர்கள் செய்யும் பிழை ஒன்றுதான், திரும்பத் திரும்ப. அலைவரிசையைச் சேமித்துவிட்டு டோனைச் சேமிக்க மறப்பது. அல்லது கேட்கும் பக்கத்தில் டோன் ஸ்கெல்ச்சை (டோன் வந்தால் மட்டும் ஒலியைத் திறக்கும் அமைப்பை) போட்டுவிடுவது, அப்போது எதுவுமே கேட்காது. சேமித்த பின் ரேடியோவை அணைத்து, மறுபடி போட்டு, அந்த நினைவைக் கூப்பிட்டு, டோன் அங்கே இருக்கிறதா என்று திரையில் பாருங்கள்.

நண்பருக்குக் கொடுக்கும்போது கணினிக் கோப்பை மட்டும் அனுப்பாதீர்கள். அவருடைய ஹேண்டி வேறு மாடலாக இருக்கும், கோப்பு ஏறாது, ஏறினாலும் எதற்கு எது என்று அவருக்குப் புரியாது. ஒரு தாளில் எண், டோன், "நெருங்கும்போது", "உச்சியில்", "விலகும்போது" என்று எழுதிக் கொடுங்கள். அவர் கையால் ஏற்றிக்கொள்ளட்டும். ஒரு முறை கையால் ஏற்றியவர் மறக்க மாட்டார்.

4. பாஸைத் தேர்ந்தெடுங்கள்

செயலியில் சுற்றுப்பாதைத் தரவு புதிதாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விண்வெளி நிலையம் அவ்வப்போது தன் உயரத்தைக் கூட்டிக்கொள்வதால் அதன் தரவு சீக்கிரம் பழையதாகும், முந்தின நாள் புதுப்பித்தால் நல்லது. இடமும் சரியாக இருக்க வேண்டும். சென்னையில் படித்தபோது வைத்த இடத்தையே வைத்துக்கொண்டு குன்னூரில் நின்ற ஒரு தம்பி, செயற்கைக்கோள் தாமதமாக வருகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

தலைக்கு நேர் மேலே போகும் பாஸைத் தேடாதீர்கள். தூரம் குறைவு, சமிக்ஞை பலம், எல்லாம் உண்மைதான். 420 கிமீ உயரத்தில் நேர் மேலே இருப்பதற்கும் அடிவானத்தில் 2,350 கிமீயில் இருப்பதற்கும் 15 டெசிபெல் வித்தியாசம். ஆனால் உச்சியில் திசை சட்டென்று மாறும், டாப்ளர் சட்டென்று விழும், புதியவரின் கை தொடர முடியாது. 30 முதல் 60 டிகிரி வரை உச்சி உள்ள பாஸ் போதும்.

தேர்ந்தெடுத்த பாஸை வானக்கோட்டுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். எழும் திசை, உச்சித் திசை, மறையும் திசை மூன்றையும் பார்த்து, உங்களுக்கு உண்மையில் எத்தனை மணிக்குக் கேட்கத் தொடங்க வேண்டும் என்று பாஸுக்கு முன்பே எழுதிவிடுங்கள். முன்பே எழுதுவது முக்கியம். எழுதிய நேரத்துக்கும் கேட்ட நேரத்துக்கும் உள்ள இடைவெளிதான் உங்களுக்கு ஏதாவது கற்றுக்கொடுக்கும்.

5. முதல் மூன்று பாஸில் அனுப்பாதீர்கள், இரண்டு பேராக நில்லுங்கள்

ஒருவர் ஆண்டெனாவும் ரேடியோவும். மற்றவர் கடிகாரமும் பென்சிலும். தனியாக நின்று ஆண்டெனாவைத் திருப்பி, நினைவை மாற்றி, நேரத்தையும் எழுத முடியாது, அதனால் எழுதுவதுதான் விட்டுப்போகும்.

கேட்கத் தெரியாமல் அனுப்பினால் அடுத்தவரைக் கெடுக்கிறோம். எஃப்எம் செயற்கைக்கோளில் ஒரே ஒரு அலைவழி, அதில் பலமாக வருகிறவர் குரல் மட்டும்தான் ஏறும். விண்வெளி நிலையத்தின் பார்வை வட்டம் சுமார் 4,500 கிமீ அகலம். நம் தலைக்கு மேல் வரும்போது இலங்கை, மாலத்தீவு தொடங்கி வட இந்தியா வரை எல்லோரும் அந்த ஒரே அலைவழியில் காத்திருக்கிறார்கள். காது கேட்காமல் திரும்பத் திரும்பக் கால்சைன் சொல்கிறவர் அத்தனை பேரையும் மறைத்துவிடுகிறார்.

6. பாஸ் நடக்கும்போது

எழுவதற்கு ஒரு நிமிடம் முன்பே ஒலிப்பதிவைத் தொடங்கி, நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) குரலில் சொல்லுங்கள்: "யுடிசி 23 மணி 40 நிமிடம் 00 நொடி." பதிவில் எந்த இடத்தில் எது நடந்தாலும் பிறகு அதிலிருந்து எண்ணி நேரம் கண்டுபிடித்துவிடலாம். இந்த ஒரு வாக்கியம் இல்லாத பதிவுகள் என்னிடம் நிறைய உண்டு, ஒன்றுக்கும் உதவவில்லை.

சமிக்ஞை இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் ஸ்கெல்ச்சை முழுதாகத் திறந்துவிடுங்கள். இரைச்சல் காதுக்குத் தொல்லைதான், ஆனால் சமிக்ஞை முதலில் இரைச்சல் அடங்குவதாகத்தான் தெரியும், குரல் பிறகுதான் வரும். ஸ்கெல்ச் மூடியிருந்தால் அந்த அரை நிமிடம் தெரியாமலே போகும்.

ஆண்டெனாவைத் திசையில் வைத்தால் மட்டும் போதாது, அச்சில் முறுக்கியும் பாருங்கள். சமிக்ஞை திடீரென்று மங்கினால் முதலில் மணிக்கட்டைத் திருப்புங்கள், திசையை மாற்றாதீர்கள். பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினீர்கள் என்று வாயால் சொன்னால் அது பதிவில் இருக்கும்.

டாப்ளர் பற்றி யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று: ஐந்து நினைவுகளும் சம நேரம் எடுக்காது. 48 டிகிரி உச்சி உள்ள ஒரு பத்து நிமிட பாஸில் முதல் மூன்றே முக்கால் நிமிடமும் 437.810-இலேயே இருக்கலாம். நடுவில் உள்ள 805, 800, 795 மூன்றும் சேர்ந்து இரண்டரை நிமிடத்தில் ஓடிவிடும், 800 மட்டும் முக்கால் நிமிடம்கூட நிற்காது. அப்புறம் கடைசி வரை 790. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்று எண்ணி மாற்றுகிறவர் உச்சியில், சமிக்ஞை மிகப் பலமாக இருக்கும்போதே அதை இழக்கிறார். குரல் கரகரவென்று உடைந்தால் மாற்ற நேரம் வந்துவிட்டது, கீழே ஒரு படி போங்கள்.

கேட்டுப் பழகி நான்காவது பாஸில் அனுப்பும்போது, உங்கள் குரலே இறங்கி வருகிறதா என்று மற்றொரு ஹேண்டியில் காதுக்கருவி மாட்டிக் கேளுங்கள். கால்சைன், கிரிட், நிறுத்தம். பதில் வந்தால் முடித்துவிட்டு வழி விடுங்கள்.

7. முடிந்த பத்து நிமிடத்துக்குள் எழுதுங்கள்

வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று நினைத்தால், டீ குடித்து முடிப்பதற்குள் நேரங்கள் குழம்பிவிடும். அங்கேயே, நின்ற இடத்திலேயே எழுதுங்கள். என் நோட்டில் உள்ள ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

"மார்ச் 14, யுடிசி. விண்வெளி நிலையம், ரிப்பீட்டர். வீட்டு மொட்டை மாடி, வானக்கோடு எண் 1. கணக்குப்படி எழும் நேரம் 23:41, திசை 225. உச்சி 23:46, திசை 144, உயரம் 48. மறைவு 23:51, திசை 63. கேட்டது: அளவு நாடா யாகி, ஹேண்டி, ஒரு மீட்டர் கேபிள். அனுப்பவில்லை. இரவு மழை, மரம் நனைந்திருக்கிறது. 23:43:20 இரைச்சல் அடங்கியது, திசை 217, உயரம் 13. 23:43:35 முதல் குரல், தெளிவு. 23:45:20 வரை 810-இல் வைத்திருந்தேன், கடைசி அரை நிமிடம் உடைந்தது, 805-க்கு மாற்றியதும் தெளிவு. 23:48:10 முதல் 23:48:40 வரை எதுவும் இல்லை, திசை 73 பக்கம், மணிக்கட்டைத் திருப்பியும் வரவில்லை. பிறகு வந்தது. 23:50 வரை கேட்டது. நினைப்பது: 73-இல் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. 810-இலிருந்து முன்பே இறங்கியிருக்க வேண்டும்."

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, கேட்டது தனியாக, நினைப்பது தனியாக. தொட்டிதான் காரணம் என்பது என் ஊகம், அது தப்பாக இருக்கலாம். ஆனால் 73 டிகிரியில் முப்பது நொடி மௌனம் என்பது நடந்தது. ஊகத்தை மட்டும் எழுதியிருந்தால், ஊகம் தப்பும்போது குறிப்பும் போய்விடும்.

இரண்டாவது, கேட்காததும் நேரத்தோடு இருக்கிறது. அடுத்தவருக்கு மிகவும் உதவுவது அதுதான்.

மூன்றாவது, தேதி. அந்த பாஸ் நம் கடிகாரத்தில் மார்ச் 15 காலை 5:11-க்கு. யுடிசிக்கு மாற்ற நம் நேரத்தில் ஐந்தரை மணி நேரம் கழிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் காலை 5:30-க்கு முந்திய பாஸ்களுக்கு யுடிசி தேதி முந்தின நாளுடையது என்பதை மறந்துவிடுகிறார்கள். நாம் மலையில் விடியற்காலை நிறைய நிற்கிறோம், அதனால் இந்தப் பிழை நம்மிடம் அதிகம். தேதி தப்பினால் எதிர்முனையில் இருப்பவரின் லாக்கில் (தொடர்புப் பதிவேட்டில்) உங்கள் தொடர்பு பொருந்தாது, உறுதிப்படுத்தல் வராது.

8. "வேலை செய்யவில்லை" என்று எழுதும் முன்

இந்த ஒரு வரியை எழுதுவதற்கு முன் நிறுத்தி, கீழே உள்ளவற்றைப் பாருங்கள். நீங்கள் அப்படி எழுதினால் அதை நம்பிப் பத்து பேர் அன்று ரேடியோவை எடுக்காமல் விடுகிறார்கள்.

எஸ்ஓ-50 என்றால், யாராவது அதை எழுப்பினார்களா? 2002 டிசம்பரில் ஏவப்பட்ட அந்தச் சின்னச் செயற்கைக்கோளில் பத்து நிமிடக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. 74.4 ஹெர்ட்ஸ் டோனோடு இரண்டு நொடி அனுப்பினால்தான் அது ஓடத் தொடங்கும், அதன் பிறகே 67.0 டோனில் பேச முடியும். விடியற்காலையில் நீங்கள் மட்டும் தனியாக நின்றால் எழுப்ப ஆளில்லை. அதற்குத்தான் 3-ஆம் படியில் அந்தக் கூடுதல் நினைவு. இதைத் தெரியாமல் "செத்துப்போச்சு" என்று எழுதியவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சொல்லிக்கொடுத்த அன்றே அவர்கள் குரல் அதில் ஏறியதையும் பார்த்திருக்கிறேன்.

விண்வெளி நிலையம் என்றால், வீரர்கள் வெளியே நடக்கும் நாள்களிலும் விண்கலம் வந்து இணையும் நேரங்களிலும் ரேடியோவை அணைத்து வைப்பார்கள். பள்ளி மாணவர்களோடு பேசும்போதும் படம் அனுப்பும் நாள்களிலும் ரிப்பீட்டர் இல்லாமல் போகலாம். அன்றைய நிலையை மற்றவர்கள் பதிந்திருக்கிறார்களா என்று ஆம்சாட் (ஹாம் செயற்கைக்கோள் அமைப்பு) இணையதளத்தின் நிலைப் பட்டியலில் பாருங்கள், அங்கே கேட்ட நேரத்தையும் நீங்களே பதியுங்கள், அதுவும் யுடிசியில்.

உங்கள் குரல்தான் திரும்ப வரவில்லை, மற்றவர்கள் குரல் உங்களுக்குக் கேட்கிறது என்றால், அனுப்பும் ஹேண்டி கேட்கும் ஹேண்டியைச் செவிடாக்குகிறதா என்று பாருங்கள். 145.990-ஐ மூன்றால் பெருக்கினால் 437.970. கேட்க வேண்டிய 437.800-க்கு மிகப் பக்கத்தில். பொத்தானை அழுத்தியவுடன் மற்ற எல்லாக் குரலும் மங்கினால் இதுதான் காரணம். இரண்டு ஹேண்டியையும் தள்ளி வையுங்கள், அனுப்பும் திறனைக் குறையுங்கள், இரண்டு ஆண்டெனாவையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையுங்கள். எது உதவியது என்று எழுதுங்கள்.

கொடைக்கானல் நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. கோடை பண்பலை 100.5-இன் கோபுரம் பார்வையில் இருக்கும் இடத்தில் மலிவான டாங்கிள் நிரம்பி வழிந்துவிடும், திரை முழுக்கப் போலிச் சமிக்ஞைகள் நிற்கும். பண்பலையைத் தடுக்கும் ஒரு சின்ன வடிகட்டியைப் போட்டால் அடங்கும். நீலகிரியில் அதே டாங்கிள் ஒழுங்காக வேலை செய்ததால் எங்களால் முதலில் இதைப் புரிந்துகொள்ள முடியவில்லை, நின்ற இடம் எழுதப்பட்டிருந்ததால்தான் பிடிபட்டது.

9. இரண்டு மலையிலிருந்து ஒரே பாஸைக் கேளுங்கள்

கோத்தகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வான்வழியில் 150 கிமீ அளவுதான். விண்வெளி நிலையத்தின் உயரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடம். ஆகவே ஒரே பாஸில் இரண்டு பக்கமும் ஒரே நொடியில் சமிக்ஞை மங்கினால் காரணம் மேலே இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் காரணம் கீழே, உங்கள் மரத்திலோ கேபிளிலோ கையிலோ இருக்கிறது. எவ்வளவு விலையுள்ள கருவி வாங்கினாலும் இந்த வித்தியாசத்தை இவ்வளவு எளிதாகக் காட்டாது.

முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: எந்த பாஸ், யார் எந்த ஆண்டெனா, இருவரும் நேரத்தைக் குரலில் சொல்லிப் பதிவைத் தொடங்குவது. பாஸ் முடியும் வரை ஒருவர் குறிப்பை மற்றவர் பார்க்க வேண்டாம். பார்த்துவிட்டால் அவர் கேட்டதையே நாமும் கேட்டதாகத் தோன்றும், இது எனக்கே நடந்திருக்கிறது.

அடுத்த பாஸில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஆண்டெனாவை மாற்றினால் இடத்தை மாற்றாதீர்கள், இடத்தை மாற்றினால் கேபிளை மாற்றாதீர்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு "இப்போ நல்லா கேக்குது" என்று சொல்பவரிடம் எது உதவியது என்று கேட்டால் அவருக்கும் தெரியாது.

10. புதியவரிடம் கொடுக்கும்போது

ஆண்டெனாவை அவர் கையில் கொடுங்கள், பென்சிலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சமிக்ஞை போகிறது என்றால் நமக்குக் கை பரபரக்கும், பிடுங்கித் திருப்பத் தோன்றும். வேண்டாம். "மணிக்கட்டைத் திருப்பிப் பாருங்க" என்று வாயால் சொல்லுங்கள். தன் கையால் திருப்பி, குரல் திரும்ப வருவதை ஒரு முறை கேட்டவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

அவர் முதலில் எழுதும் குறிப்பைத் திருத்தி எழுதிக் கொடுக்காதீர்கள். கேள்வியாகக் கேளுங்கள். குன்னூரிலிருந்து வரும் ஒரு கல்லூரி மாணவர் போன வாரம் அனுப்பினார்: "அண்ணா, இன்னைக்கு ரிப்பீட்டர் ஆஃப் போல." எத்தனை மணிக்கு எந்தத் திசையில் பார்த்தீங்க என்று கேட்டேன். நேரம் சொன்னார், திசை தெரியாது என்றார். மறுநாள் வானக்கோட்டை அளந்தார். எழும் பக்கம் 40 டிகிரி வரை பக்கத்து வீட்டு மாடி.

உங்கள் குறிப்பு தேறுமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அதை அந்த இடத்துக்கு இதுவரை வராத ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் கூட நிற்காமல், அதே மாதிரி ஒரு பாஸை அங்கே நின்று கேட்கச் சொல்லுங்கள். அவர் உங்களுக்குப் போன் செய்து என்னென்ன கேட்கிறாரோ அதெல்லாம் குறிப்பில் விட்டுப்போனவை. போனை வைத்ததும் அவற்றை அதே பக்கத்தில் சேர்த்து எழுதுங்கள்.